நான்கு உள்ளங்கை நிலம்

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு துறைத்தலைவர் அவர்கள் பணித்தபோது, உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பற்றியோ குணங்குடியாரின் பாடல்களைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். இதுகாறும் இத்தகைய மலர்களில் நாம் எழுதிவந்ததும் அவ்வகையே. இவ்வாண்டு மட்டும் கார் டயர்களைப் பற்றி எழுத விழைகிறோம். தமிழாசிரியனுக்கும் டயருக்கும் என்ன உறவு என்று முறுவலிக்கும் பெரியோர்கள், இறுதிவரை படித்தபின் தீர்ப்புக் கூறுவார்களாக.

நமது இல்லம் தஞ்சையில்; பணியோ திருச்சியில். வயது முதிர்ந்த அம்மா பிறந்த மண்ணை விட்டு வர மறுத்ததால், பயணத்தை நாம் ஏற்றுக்கொண்டோம். வல்லம், செங்கிப்பட்டி, துவாக்குடி வழியாகப் போகவர நாளொன்றுக்கு ஏறத்தாழ நூற்றுப்பத்துக் கிலோமீட்டர். ஆண்டில் இருநூற்றிருபது வேலைநாள் என்று கொண்டால் இருபத்துநாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பழைய சிறிய கார் ஒன்றில் நால்வர் வருகிறோம்: நாம், வணிகவியல் பேராசிரியர் ஒருவர், கணிதத்துறை அம்மையார் ஒருவர், நூலகத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர். பெட்ரோல் செலவை நான்காகப் பகிர்ந்துகொள்வது வழக்கம். டயர் தேய்வதை யாரும் பகிர்ந்துகொண்டதில்லை. அது தேய்கிறது என்பதையே நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களையும் கட்டங்களையும் நம் ஊர்ப் பட்டறைகளில் ‘பட்டன்’ என்பார்கள். புதிய கார் டயரில் பள்ளம் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அது 1.6 மில்லிமீட்டராகக் குறைந்தால் டயரை மாற்றியாக வேண்டும்; நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளும் கார்களுக்கு அவ்வளவையே எல்லையாக வைத்துள்ளன. அதைக் காட்டவே பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகளை வைத்து வார்க்கிறார்கள். மேற்பரப்பு தேய்ந்து அம்மேட்டுடன் சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். குனிந்து பார்த்தால் எவருக்கும் தெரியும். நாம் குனியவில்லை.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டன என்று பட்டறையில் சொன்னார்கள். மகளைக் கல்லூரியில் சேர்க்கும் வேளை அது. டயர் ஒன்று ஐயாயிரம் ரூபாய்; நான்குக்கு இருபதாயிரம் வேண்டும். இரண்டை மட்டும் வாங்கி முன்சக்கரங்களில் போடச் சொன்னோம். முன்சக்கரமே வண்டியை இழுக்கிறது, முன்சக்கரமே திரும்புகிறது. ஆகவே புதியது அங்கேதான் இருக்க வேண்டும் என்பது நம் தருக்கம். பின்சக்கரங்கள் பொங்கல் வரையில் ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.

பொங்கலுக்கு முன்னே கூதிர்க்காலம் வந்தது. நவம்பர் மாதத்தில் ஒரு காலை. இரவெல்லாம் பெய்த மழை தூறலாகத் தணிந்திருந்தது. செங்கிப்பட்டியைத் தாண்டி ஒரு வளைவில் நீர் தேங்கியிருந்தது. அதைக் கண்டு வேகத்தைக் குறைக்கக் காலை எடுத்தோம். அக்கணத்தில் காரின் பின்பகுதி நம் பிடியிலிருந்து விலகியது. வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, வந்த திசையையே நோக்கி நின்றது. எதிரே, அதுவரை நமக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த சரக்கு லாரி. அதன் ஓட்டுநர் ஐம்பதடி தொலைவில் நிறுத்திவிட்டார். இறையருளால் எவருக்கும் சிறு கீறலும் இல்லை.

யாரும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கணிதத்துறை அம்மையார் மட்டும் சற்று நேரம் கழித்து வீட்டிற்குத் தொலைபேசியில் பேசினார். மூன்று வயதுக் குழந்தை சாப்பிட்டதா என்று கேட்டார், வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் குரலைக் கேட்டபோது நம் தலை தாழ்ந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மூவரும் வழக்கமான இடத்தில் வந்து நின்றார்கள். அதுதான் நம்மை அதிகம் வாட்டியது. அவர்கள் நம்மிடம் ஒப்படைத்திருந்தது ஓர் அமானிதம். அதன் கனத்தை அன்றுதான் உணர்ந்தோம்.

அன்று மாலையே, நம் அத்தா காலத்திலிருந்து குடும்பத்திற்குப் பழக்கமான முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றோம். பின்சக்கரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “ஏன் தம்பி, புதுசு ரெண்டையும் முன்னாடி போட்டீங்க?” நம் தருக்கத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “முன்சக்கரம் வழுக்கினா வண்டி நேராப் போகப் பாக்கும்; காலை எடுத்தா வேகம் கொறஞ்சு பிடி கெடைக்கும். பின்சக்கரம் வழுக்கினா வண்டி சுத்திடும், யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. ரெண்டுதான் வாங்க முடியும்னா புதுசு பின்னாடிதான் போடணும் தம்பி” என்றார். டயர் உற்பத்தியாளர்கள் சொல்லும் விதியும் இதுவே எனப் பின்னர் அறிந்தோம்.

மழைநீரில் நடப்பதையும் அவரே விளக்கினார். ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். நால்வரைச் சுமந்து விரையும் காருக்குச் சாலையில் உள்ள பற்றுக்கோடு நான்கு உள்ளங்கை நிலமே. சாலையில் நீர் நின்றால் டயரின் பள்ளங்கள் அந்நீரை வாங்கிப் பக்கவாட்டில் தள்ளிவிடுகின்றன. பள்ளம் இல்லாத மொட்டை டயரால் அது இயலாது. நீர் அடியில் புகுந்துகொள்ள, டயர் சாலையை விட்டு நீரின் மேல் மிதக்கிறது. அப்போது பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பணிபுரியும் தங்கை மகனிடம் இதைச் சொன்னபோது, “ஆல் சீசன் டயராப் பாத்து வாங்குங்க மாமா” என்றான். எல்லாப் பருவத்திற்கும் ஏற்ற டயர் என்பது அதன் பொருள். அவன் வாழும் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்காலத்திற்கென்றே செய்த டயரைப் பூட்டாமல் கார் ஓட்டுவது குற்றம். வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடியை இழக்கத் தொடங்கும் என்பதே காரணம். குளிர் கடுமையில்லாத நாடுகளில் இரண்டுக்கும் இடைப்பட்டதாக ஆல் சீசன் டயர் ஓடுகிறது. அவன் மாநிலத்தில், மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் பனித்துகளும் பொறித்த முத்திரையுள்ள டயர்தான் குளிர்காலத்திற்குச் செல்லுபடியாகுமாம்.

அவன் சொன்னதைக் கேட்டு நாம் சிந்தித்தோம். ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தவர்கள் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என வகுப்பறையில் நாமே ஆண்டுதோறும் எழுதிப்போடுகிறோம். நம் மொழியில் பனித்துளியும் ‘பனி’. அவன் ஊரில் முழங்கால் அளவு கொட்டிக் கிடப்பதும் ‘பனி’. ஆனால் தஞ்சைச் சாலையில் பனிக்கென்று ஒரு டயர் வேண்டியதில்லை. டயரின் கணக்கில் நமக்குப் பருவம் இரண்டே. தார் இளகும் வேனில் ஒன்று. சாலை ஓடையாகும் கூதிர் மற்றொன்று. இவ்விரண்டையும் தாங்குவதே நமக்கு எல்லாப் பருவ டயர்.

அடுத்த ஞாயிறன்று மெக்கானிக்குடன் டயர்க் கடைக்குச் சென்றோம். ஓலைச்சுவடி படித்துப் பழகிய கண்ணுக்கு டயரின் பக்கவாட்டும் ஒரு சுவடியாகவே தோன்றியது. 165/80 ஆர் 14 85டி என்று பொறித்திருந்தது. 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அதில் நூற்றுக்கு எண்பது பங்கு, அதாவது 132 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம். ஆர் என்பது ரேடியல். 1946இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற அமைப்பு. 14 என்பது அங்குலத்தில் உள்வட்டின் விட்டம். 85 என்னும் எண் ஒரு டயர் 515 கிலோ எடையைத் தாங்கும் என்பதற்கும், டி என்னும் எழுத்து மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதற்கும் குறியீடு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உண்டு. ஓரிடத்தில் சிறு வட்டத்துள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்த டயர். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமை அடையும். ஆகவே விலையைக் கேட்குமுன் இந்நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் மூவகை டயர்களை எடுத்துவைத்தார். முதலாவது விலை மிகக் குறைவு. குனிந்து இலக்கத்தைப் பார்த்தால் நான்கு ஆண்டு பழையது. அதைத் தள்ளினோம். இரண்டாவது கெட்டி ரப்பர். நான்கும் பதினெட்டாயிரம் ரூபாய், ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்றார். மூன்றாவது மழையில் நன்கு பிடிக்கும் மென்மையான ரப்பர்; இருபதாயிரம் ரூபாய், ஆனால் நாற்பதாயிரம்தான் ஓடுமாம். நீண்ட ஆயுளும் ஈரத்தில் பிடிப்பும் ஒன்றையொன்று எதிர்த்திழுப்பவை. இரண்டையும் முழுமையாகத் தரும் டயர் அரிது. நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடுபவனுக்கு இயல்பாகவே கெட்டி ரப்பரின் மேல்தான் கண் போகும். நமக்கும் போயிற்று.

உடனே முடிவு செய்யாமல் திரும்பினோம். மறுநாள் பயணத்தில் கணிதத்துறை அம்மையாரிடம் கணக்கை ஒப்படைத்தோம். அவர் மனக்கணக்காகவே சொன்னார்: “ஐயா, கெட்டி ரப்பர் கிலோமீட்டருக்கு முப்பத்தாறு காசு. மற்றது ஐம்பது காசு. வித்தியாசம் பதினான்கு காசு. ஒரு நாளைக்குப் பதினைந்து ரூபாய் நாற்பது காசு.” நூலக இளைஞர் சொன்னார்: “ஒரு டீ காசுங்க ஐயா. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாலு ரூபாய்கூட இல்லை.”

நால்வர் உயிருக்கும் ஒரு தேநீர் விலைக்கும் இடையில்தான் நாம் தயங்கி நின்றோம் என்பது அப்போது விளங்கியது. மூன்றாவது வகையையே நான்கு சக்கரங்களுக்கும் வாங்கினோம். சக்கரங்களை நேர்படுத்தும் அலைன்மென்ட் வேலையும் பேலன்சிங்கும் அன்றே முடித்தோம். பணத்தை நாமே தருவதாக இருந்தோம். வணிகவியல் பேராசிரியர் உடன்படவில்லை. “பெட்ரோலைப் பங்கிடுகிறோம், ஏனெனில் அதன் விலை கண்ணுக்குத் தெரிகிறது. டயரும் நாள்தோறும் செலவாகிறது. அது கண்ணுக்குத் தெரியாததால் உங்கள் தலையில் விட்டுவிட்டோம். பிழை எங்களுடையதும்தான்” என்றார். இப்போது காரில் ஒரு சிறு டப்பா இருக்கிறது. நாளொன்றுக்கு ஆளுக்குப் பதினான்கு ரூபாய் அதில் விழுகிறது. அடுத்த டயர்கள் தேயும்போது பணம் ஆயத்தமாக இருக்கும். தள்ளிப்போட நமக்குச் சாக்கு இராது.

நடந்ததை அம்மாவிடம் சில நாள் மறைத்தே வைத்திருந்தோம். தெரிந்தபோது அவர் கேட்டது ஒன்றே: “நீ வெளியே போறப்பல்லாம் நான் துஆ கேக்குறேன். நீ ஒட்டகத்தைக் கட்டினியா?” ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்ற நபிமொழியை நமக்குச் சிறுவயதில் சொல்லித்தந்தவர் அவரே.

நெடுஞ்சாலை ஓரங்களில் ‘வல்கனைசிங்’ என்று எழுதிய சிறு பலகைகளை மாணவர்கள் பார்த்திருக்கலாம். 1839இல் அமெரிக்காவின் சார்லசு குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடேற்றி உறுதியாக்கும் முறையைக் கண்டார். அம்முறைக்கு உரோமானியரின் நெருப்புக் கடவுளான வல்கனின் பெயர் வழங்கலாயிற்று. பின்னர் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சிறு மகனின் மூன்றுசக்கர வண்டி குலுங்காமல் ஓடும்பொருட்டுக் காற்றடைத்த டயரைச் செய்தார். ஒரு தந்தை தம் பிள்ளைக்காகச் செய்த பொருள் அது. இன்னொரு வீட்டுப் பிள்ளையின் தாயை ஏற்றிச்செல்லும் நாம் அதை மறந்திருந்தோம்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் நமது அலமாரியைத் திறந்து பார்த்தோம். பணியில் சேர்ந்த ஆண்டில் எழுதிய பாடக்குறிப்புகள் இன்னும் இருந்தன. ஓரங்கள் மஞ்சளேறியிருந்தன. சில தாள்களை ஆண்டுதோறும் அப்படியே வாசித்திருக்கிறோம். நல்ல நாள்களில் அவை ஓடிவிட்டன. ஐயம் மிக்க மாணவர் ஒருவர் எழுந்து வினாத் தொடுத்த நாள்களில் பிடி நழுவியதும் நினைவுக்கு வந்தது. அக்குறிப்புகளுள் பாதியை இவ்வாண்டு புதிதாக எழுதியுள்ளோம். மீதியையும் எழுத வேண்டும்.

இப்போதும் அதே சாலையில்தான் வருகிறோம். வாரம் ஒருமுறை, சக்கரம் சூடேறுமுன் காலையில், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அளவின்படி காற்றுப் பார்க்கிறோம். காற்றுக் குறைந்த டயர் வேனிலில் சூடேறி வெடிக்கக்கூடும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் சக்கரங்களை இடம் மாற்றுகிறோம். செங்கிப்பட்டிக்கு அப்பால் அந்த வளைவு வரும்போது காருக்குள் பேச்சு தானே நின்றுவிடும். கடந்ததும் மீண்டும் தொடங்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலர் இருசக்கர வண்டியில் வருகிறீர்கள். உங்களுக்குச் சாலையில் உள்ள பற்றுக்கோடு எங்களைவிடவும் சிறியது. இன்று மாலை வண்டியை எடுக்குமுன் ஒரு நிமிடம் குனிந்து பின்சக்கரத்தைப் பாருங்கள். நாம் பார்க்கத் தவறியது அதைத்தான்.