முள்ளு நிக்கட்டும்

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை போகும் வழியில், ஒரு வளைவுக்கு மேலே கொழுந்து மடுவம். தகரக் கூரை, மூன்று பக்கமும் திறப்பு. பின்னேரம் நாலு மணி. மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்து வரிசையில் நிற்கிறார்கள். இடுப்பில் நனைந்த படங்கு. நெற்றியில் கயிறு இழுத்த தடம். அட்டை கடித்த கணுக்காலில் சுண்ணாம்பு.

ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாளின் முறை. காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குக் குச்சி செருகியிருக்கிறார். சாக்கைத் தராசில் மாட்டியதும் முள் துள்ளுகிறது. 18-ஐத் தொட்டு, பின்வாங்கி, மறுபடி ஏறுகிறது. அதற்குள் கணக்கப்பிள்ளையின் பேனா ஓடிவிட்டது.

“ஐயா, முள்ளு நிக்கட்டும்.”

“நிக்கிற வரைக்கும் பாத்தா இருட்டிரும். சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு போவுது. பதினாறு. அடுத்த ஆளு வாங்க.”

இந்தத் தோட்டத்தில் 18 கிலோ இருந்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். 16 என்றால் அரைப்பேர். அம்மாள் வேறொன்றும் பேசவில்லை.

கொழும்பிலும் முட்கள் துள்ளிய காலம் ஒன்று உண்டு. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் மதிப்பைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டது. 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 360-ஐ எட்டியது. வெளிநாட்டுக்கு டொலரில் போகும் பண்டம் தேயிலை. கொழும்பு ஏலத்தில் அந்த ஆண்டின் சராசரி விலை, ரூபாய்க் கணக்கில் முந்தைய ஆண்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். உணவுக்கு மட்டும் 95. ரொட்டி தட்டுகிற கோதுமை மாவும் அதற்குள் அடக்கம்.

ஒரு முள் மட்டும் அசையவில்லை. பல ஆண்டு கேட்டுக் கேட்டு, 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,000 ரூபாய். அன்று அது ஐந்து டொலர். அடுத்த ஆண்டே மூன்றுக்கும் கீழே. அடிப்படைச் சம்பளம் 1,350 ஆக 2024 செப்டம்பர் வரவேண்டியிருந்தது.

தோட்டக் கம்பெனிகளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. 2021-இல் அரசு இரசாயன உரத்தைத் தடை செய்தது, விளைச்சல் விழுந்தது, செலவு ஏறியது. உண்மைதான். ஆனால் உரம் காணாத செடி துளிர்க்காதபோது முதலில் குறைந்தது இந்தப் பெண்களின் கூடை. 18 எட்டாத நாட்கள் கூடின.

வேலை வாங்க ஒருவரே இருக்கும் இடத்தில் கூலி எளிதில் ஏறாது என்பது பொருளியல் பாடம். இங்கே குடியிருக்கும் லயமும் தோட்டத்துடையது. வேலையை உதறினால் கூரை என்னாகும் என்ற யோசனையும் கூடவே வரும். நெருக்கடிக்கு முன்பே, 2019 அரசுக் கணக்கெடுப்பில் நாட்டில் வறியோர் 14.3 வீதம், தோட்டப்புறத்தில் 33.8. இளையவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுவிட்டார்கள் போலும். இன்றைய வரிசையில் இருபதுகளில் ஒருத்திகூட இல்லை. கொழும்பு பஸ் தினமும் நிறைந்து போகிறது.

2022 ஏப்ரல் 8-ஆம் திகதி மத்திய வங்கி, பணவீக்கத்தை அடக்க, கடன் வட்டியை 7.5-இலிருந்து 14.5 வீதமாக ஒரே நாளில் ஏற்றியது. லயத்து ஆட்கள் கடனுக்குப் போகும் இடம் அடகுக்கடை; ஹட்டனில் அதற்குப் பஞ்சமில்லை. தோடு எங்கே என்று வரிசையில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

சாக்குகளை ஏற்றிக்கொண்டு லொறி தேயிலை ஸ்டோருக்குக் கிளம்புகிறது. அம்மாள் வெறுங்கூடையோடு லயத்துப் பாதையில் நாலடி போய், திரும்பி மடுவத்தைப் பார்க்கிறார். முள் இப்போது அசையாமல் நிற்கிறது. தராசில் சாக்கு இல்லை.