சரஸ்வதி மஹாலில் வசம்பு வாசனை

தஞ்சாவூர் என்றதும் எல்லாரும் பெரிய கோயிலுக்குத்தான் ஓடுகிறோம். கொஞ்சம் தள்ளி அரண்மனை வளாகத்துக்குள்ளேயே சரஸ்வதி மஹால் நூலகம் இருக்கிறது. நாத்தனாரும் நானும் போயிருந்தோம். "ஓலையைப் போய் என்னத்தப் பார்க்கிறது அண்ணி, தலையாட்டி பொம்மை வாங்கலாம் வாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள் அவள்.

நாயக்கர் காலத்தில் தொடங்கிய ஏட்டுச் சேமிப்பை, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் பெரிதாக வளர்த்தார். காசி யாத்திரை போன இடத்திலும் சுவடி சேகரித்தவராம்! 1918-ல் இது பொது நூலகமாயிற்று. இப்போது அங்குள்ள காட்சிக் கூடத்தில் ஓலைச் சுவடிகளையும் ஓவியங்களையும் நாமும் நின்று பார்க்கலாம்.

எனக்கோ வீட்டு நினைப்பு. காவிரிக் கரை ஈரத்தில், நேற்று வாங்கிய துவரம் பருப்பிலேயே வண்டு விழுகிறதே, இத்தனை வருஷத்து ஓலையை இவர்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? ராமபாணப் பூச்சி சும்மா விடுமா?

விசாரித்தபோது சொன்னார்கள். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றை இடித்து, கற்பூரம் சேர்த்துச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டி ஏடுகளுக்கு நடுவே வைப்பது பழைய வழக்கம். எல்லாம் நம் அஞ்சறைப் பெட்டிச் சமாசாரம்தான்! காரமான நெடி பூச்சியை அண்ட விடாது. காய்ந்த ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவினால் பூச்சியும் வராது, ஓலையும் ஒடியாமல் வளையும்.

நாத்தனார் முகம் அப்போதுதான் மலர்ந்தது. அவள் பெண்ணுக்கு இது எட்டாம் மாசம். மூத்த பேரனின் சட்டைகளையெல்லாம் அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அந்த உருண்டையின் ஆவியே சில பச்சைக் குழந்தைகளுக்கு ஆபத்து. பிறவியிலேயே ஜி6பிடி என்ற சத்து ரத்தத்தில் குறைந்த குழந்தைகளுக்கு, சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்தால் தெரியுமா? ஆகவே குழந்தைத் துணியோடு அந்துருண்டை வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் துணியை நன்றாகத் துவைத்து, நெடி அறவே போகும்வரை வெயிலில் உலர்த்திய பிறகே போட வேண்டும்.

கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வசம்பு வாங்கினோம். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று ஒரு பேர் உண்டே! பேர் அப்படி இருந்தாலும் இந்த முடிச்சு பெட்டிக்கு மட்டும்தான். குழந்தைக்கு வசம்பு உரைத்துக் கொடுப்பதை டாக்டர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்கள். கற்பூரத்தை நாங்கள் சேர்க்கவே இல்லை. தவழும் பிள்ளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பே வந்துவிடும். அந்துருண்டையும் அப்படித்தான், மிட்டாய் என்று விழுங்கிவிடும்.

ஒரு விஷயம். முடிச்சு மட்டும் போதாது. பால் கறையும் வியர்வையும் கஞ்சியும் பூச்சிக்கு விருந்து. துவைத்து, கஞ்சி போடாமல், சுள்ளென்று காய்ந்த துணியைத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். அரிசிப் பானைக்கு இந்த முடிச்சு வேண்டாம், சோற்றில் வாசனை ஏறிவிடும். அங்கே காய்ந்த வேப்பிலையும் நாலு மிளகாய் வற்றலும் போதும்.

முடிச்சில் நெடி குறைந்ததும் பொடியை மாற்றிவிடுங்கள். நாத்தனார் ஆறு முடிச்சுக் கட்டியிருக்கிறாள். பொம்மையும் வாங்கிவிட்டாள்.