எதற்காக இந்த வியாபாரம்?

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறியவர்களுக்கு முதற்சொத்து மனிதர்கள்தாம். வீடும் நிலமும் பின்னால் வருகின்றன. புதிய ஊரின் காய்கறிக் கடையிலோ கோயில் வாசலிலோ நம் மொழி பேசும் குரலொன்று காதில் விழுந்தால் போதும். பெயர் கேட்போம், சொந்த ஊர் கேட்போம், அடுத்த பொங்கலுக்கு ஒருவர் வீட்டில் ஒருவர் உணவருந்துவோம். அந்தச் சொத்தை நான் ஒருமுறை விலைபேசத் துணிந்தேன். அதே சோதனை இன்று நம் குடும்பங்கள் பலவற்றின் கைப்பேசியில் வந்து நிற்பதால், அந்த அனுபவத்தை இம்மலரில் எழுதுவது கடமை என்று எண்ணுகிறேன்.

என் பாட்டனார் குடியாத்தத்திலிருந்து சித்தூருக்குப் பிழைக்க வந்தவர். அப்போது சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் அமைந்தபோது அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். எல்லைதான் நகர்ந்து போயிற்று. சித்தூரின் வெல்ல மண்டி ஒன்றில் அவர் கணக்கெழுதினார். வெளியூர் வியாபாரி வந்தால், முதலில் ஒரு வெல்லத் துண்டை உடைத்து அவர் உள்ளங்கையில் வைப்பார். மற்றொரு துண்டைத் தம் வாயில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகே விலை. சிறுவனாக அருகில் நின்ற எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும். அது வியாபாரப் பாடம் என்று அன்று எனக்குத் தெரியாது.

நான் திருப்பதியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து 2019ஆம் ஆண்டு ஓய்வு பெற்றேன். மறு ஆண்டு கொரோனா வந்தது. 2020 மார்ச் 20ஆம் நாள் முதல் திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. ஜூன் மாதத்தில்தான் மீண்டும் தொடங்கியது. திருப்பதி என்னும் ஊர் யாத்திரிகர்களால் வாழும் ஊர். விடுதி, உணவகம், பூக்கடை, வாடகை வண்டி எல்லாம் ஒரே நாளில் ஓய்ந்தன. என் தங்கை மகன் கடன் வாங்கி ஒரு கார் வைத்து ஓட்டி வந்தவன். வண்டி வாசலில் நின்றது. மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை.

அவன்தான் ஒரு மாலை வந்து, “மாமா, வீட்டிலிருந்தே செய்யற வியாபாரம் ஒண்ணு வந்திருக்கு. போன் ஒண்ணு இருந்தா போதுமாம்” என்றான். உடல்நலத்திற்கான சத்துப் பொடி. சில ஆயிரம் ரூபாய்க்கு முதல் பெட்டி வாங்கிச் சேர வேண்டும். பிறகு நாம் சிலரைச் சேர்க்க வேண்டும். அவர்கள் சிலரைச் சேர்ப்பார்கள். கீழே உள்ளோர் வாங்குவதில் எல்லாம் நமக்கும் பங்கு வரும். பணத்தை நான் கட்டினேன். இருவரும் சேர்ந்தோம்.

முதல் கூட்டம் கைப்பேசித் திரையில் நடந்தது. பேசியவர் நல்ல பேச்சாளர். “பொருளைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் உங்கள் ‘ஏன்’ எது என்று எழுதுங்கள். அலிபிரியிலிருந்து 3550 படி ஏறுகிறவருக்குக் கால் வலிக்கவில்லையா? வலிக்கும். ஆனால் எதற்காக ஏறுகிறோம் என்பது அவருக்குத் தெரியும்” என்றார். அந்தச் சொல் என்னைத் தொட்டது. இன்றும் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். காரணம் தெரியாமல் தொடங்கும் தொழில் முதல் தடையிலேயே சோர்ந்துவிடும் என்பது உண்மைதானே!

மருமகன் ‘வண்டித் தவணை’ என்று இரண்டே சொற்கள் எழுதினான். நான் ‘பேரப்பிள்ளைகளின் படிப்பு’ என்று எழுதினேன். அது பொய். என் மகன் நல்ல நிலையில் இருக்கிறான். அவன் பிள்ளைகளின் படிப்பு என் கையை எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் பலர் காண எழுதும்போது பெருமையான காரணத்தைத்தானே எழுதத் தோன்றுகிறது!

அடுத்த வேலை, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரைப் பட்டியலிடுவது. என் பழைய தொலைபேசிக் குறிப்பேட்டைத் திறந்தேன். ஏறத்தாழ அனைவரும் நம் தமிழ்க் குடும்பத்தினர். திருமணங்களில் உடன் நின்றவர்கள், மருத்துவமனையில் இரவு விழித்தவர்கள், புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட என்னைத் தம் வண்டியில் அழைத்துச் சென்றவர். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘வாங்குவார்’, ‘சேருவார்’ என்று குறித்துக்கொண்டே வந்தேன்.

முதலில் அழைத்தது சித்தூரில் தனியே இருக்கும் ஓர் அத்தையை. உறவுமுறையில் அத்தை அல்லர். எங்கள் தெருவில் வாழ்ந்து, என் தாயார் நோயுற்றிருந்த மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்டவர். கணவரின் குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்.

“ஏம்பா, உன் குரலைக் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சே! நல்லா இருக்கியா?” என்றார். பத்து நிமிடம் பழங்கதை பேசினோம். பிறகு நான் பொடியைப் பற்றி எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ சாப்பிட்டுப் பாத்தியா?” என்றார். எனக்கு விடை இல்லை. பெட்டியை நான் பிரிக்கவே இல்லை. சற்று நேரம் கழித்து அவரே, “சரி, நீ கேக்கறே. ரெண்டு டப்பா அனுப்பு. இதுக்காகவாவது போன் பண்ணினியே!” என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் பொடியை வாங்கவில்லை, என்னை வாங்கினார். பாட்டனார் வைத்த வெல்லத் துண்டு நினைவுக்கு வந்தது. நான் எதையும் சுவைக்கவும் இல்லை, சுவைக்கக் கொடுக்கவும் இல்லை. என் தாயார் உண்ட சோற்றுக்கு இரண்டு டப்பா விலை போட்டிருந்தேன்.

விடியற்காலையில் எழுந்து, பழைய கணக்கன் என்ற முறையில் ஒரு கணக்குப் போட்டேன். ஒருவர் ஆறு பேரைச் சேர்த்தால், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால், ஒன்பதாம் படியில் மட்டும் 1,00,77,696 பேர் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகையே ஏறத்தாழ 41 லட்சத்து 74 ஆயிரம். பதின்மூன்றாம் படியில் உலக மக்கள் அனைவரும் போதார். ஆகவே எந்தக் காலத்திலும் கடைசிப் படியில் நிற்பவர்களே பெரும்பான்மையினர்; அவர்களுக்குக் கீழே சேர்க்க ஆள் இருக்காது. கூட்டத்தில் சொன்ன மலைப்படி உவமை இந்த இடத்தில்தான் பொருந்தவில்லை. அலிபிரியில் ஒவ்வொருவரும் தம் காலால் தம் வேண்டுதலுக்காக ஏறுகிறார்கள். பின்னால் வருபவர் ஏறும் படியில் முன்னால் போனவருக்குப் பங்கில்லை.

சட்டமும் இதைப் பார்த்திருக்கிறது. ஆள் சேர்ப்பதனால் பணம் சுழலும் திட்டங்களைத் தடை செய்யும் நடுவணரசுச் சட்டம் 1978ஆம் ஆண்டிலேயே வந்தது. 2007ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் ஒரு பெரிய நிறுவனத்தின் திட்டம் அச்சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் வெளியான நேரடி விற்பனை விதிகள் பிரமிடுத் திட்டங்களைத் தடுக்கின்றன. விற்பவர் முன்கூட்டி இசைவு பெறாமல் நுகர்வோர் வீட்டுக்குச் செல்லக் கூடாது என்றும் கூறுகின்றன. பொருளை மெய்யாகவே விற்று அதில் ஊதியம் பெறுவது நேர்மையான தொழில். ஆளை விற்பது வேறு. இரண்டும் ஒரே பெயரில் வரும்போது நாம்தாம் பிரித்தறிய வேண்டும்.

மறுநாள் மருமகனிடம் சொன்னேன்: “உன் காரணம் நல்ல காரணம்டா. ஆனா வாங்கறவங்க முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமான்னு யோசிச்சுப் பாரு.” அவன் வெகுநேரம் யோசித்தான். ‘இந்தப் பொடியை வாங்கினால் என் வண்டித் தவணை கட்டுவேன்’ என்று அவனால் சொல்ல முடியவில்லை. அப்பொடி அவர்களுக்கு வேண்டும் என்று அவனுக்கே நம்பிக்கை இல்லை.

அது மாம்பழக் காலம். சித்தூர்ப் பக்கத்துத் தோத்தாபுரிக் காய்கள் பெரும்பாலும் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போய்விடும். வீட்டில் உண்பதற்குப் பங்கனப்பள்ளியும் நீலமும் வேண்டும். கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் அவன் தோட்டங்களுக்கே சென்று பழம் வாங்கி, தன் காரில் திருப்பதி வீடுகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். கைப்பேசிக் குழுவில் வெளிப்படையாகவே எழுதினான்: “வண்டி ஓட்டம் இல்லை. தவணை கட்ட வேண்டும். பழம் நன்றாக இல்லையென்றால் பணம் வேண்டாம்.” யாரும் அவனைத் தாழ்வாக நினைக்கவில்லை. பெரும் பணம் வரவில்லை. அந்த மூன்று மாதத் தவணை வந்தது. யாத்திரிகர்கள் திரும்பிய பிறகும் கோடைதோறும் பழ வியாபாரம் செய்கிறான்.

என் காரணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நூறு பெயரையும் முன்னால் வைத்துக்கொண்டு அமர்ந்தபோதுதான் அது எனக்கே விளங்கியது. ஓய்வு பெற்ற நாள் முதல் என் தொலைபேசி ஒலிக்கவே இல்லை. யாராவது என்னைத் தேட வேண்டும் என்ற ஏக்கம்தான் என்னை அந்தக் கூட்டத்தில் உட்கார வைத்தது. அதற்குப் பேரப்பிள்ளைகளின் படிப்பு என்று பெயர் சூட்டியிருந்தேன். காரணத்தை உண்மையாக எழுதியிருந்தால் அன்றே மருந்து தெரிந்திருக்கும். அது சத்துப் பொடி அல்ல.

அத்தையை மறுபடி அழைத்து, “டப்பா வரவில்லை, நான்தான் பேசுகிறேன்” என்றேன். பட்டியலில் மீதியிருந்தோரையும் நாளுக்கொருவராக அழைத்தேன், எதையும் விற்கவில்லை. இப்போது மருமகனின் பழக் கணக்கை நான் எழுதுகிறேன். முதல் கூடை வந்ததும் ஒரு பழத்தை அறுத்து நானும் ஒரு துண்டு தின்று பார்க்கிறேன். பெட்டியில் இருந்த பொடியை வீணாக்க மனமின்றி ஓராண்டு பாலில் கலந்து நானே குடித்துத் தீர்த்தேன். கெடுதல் இல்லை, நன்மையும் தெரியவில்லை.

புதிய தொழில் தொடங்கப் போகும் நம் பிள்ளைகள் தங்கள் ‘ஏன்’ எதுவென்று அவசியம் எழுதட்டும். எழுதிய தாளை, முதலில் பொருளை வாங்கப்போகும் அத்தையிடம் காட்டத் துணிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.