என் கோழிக்குஞ்சுகளும் பினாயிலும்



எங்க வீட்டுக் கருங்கோழி போன ஐப்பசியில் 11 குஞ்சு பொரித்தது. சுசீந்திரத்து ஐப்பசி மழை உங்களுக்கே தெரியும். பழையாறு கலங்கி ஓடும், துணி காயாது. கோழிக்கூடும் காயவில்லை.

ஒரு மாதம் இருக்கும். ஒரு குஞ்சு இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. இரை எடுக்கல. எச்சத்தில் ரத்தம். "கண்ணு பட்டிருக்கு மக்ளே" என்று ஆச்சி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்தது. அறிவியலில் நல்ல மார்க் எடுக்கிறவள் அல்லவா நான்! அழுக்குதான் காரணம் என்று நானே முடிவு பண்ணி, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூட்டில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி, பினாயில் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். "இந்த மழையில தண்ணியவும் கோரி ஊத்தாத மக்ளே, கொஞ்சம் உமி வாரிப் போடு" என்று ஆச்சி சொன்னாங்க. நான் கேட்கல.

ஒரு வாரத்தில் 7 குஞ்சு செத்துப் போச்சு. கடைசியாகப் போனது கழுத்தில் வெள்ளை இறகு உள்ள குஞ்சு. நான் கூப்பிட்டால் ஓடி வரும். அதை வாழை மூட்டில் புதைத்தோம். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மறுநாள் மீதி நாலையும் கடவத்தில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா எச்சத்தைப் பார்த்ததும் "ரத்தக் கழிச்சல்" என்றார். தண்ணீரில் கலந்து கொடுக்க ஆம்புரோலியம் தூள் தந்தார். "கூட்டை எப்படி வச்சிருக்க?" என்று கேட்டார். "தினமும் கழுவுறேன் டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் கை வைக்காத குறைதான்.

இந்த நோய்க்குக் காரணம் ஐமீரியா என்ற ஒருசெல் ஒட்டுண்ணி. மலேரியாவைக் கொண்டு வரும் பிளாஸ்மோடியத்துக்குத் தூரத்துச் சொந்தம். குஞ்சின் குடலில் பெருகி, முட்டை மாதிரி ஒரு ஓட்டுக்குள் இருந்துகொண்டு எச்சத்தோடு வெளியே வரும். வந்த உடனே அது நோய் தராது. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தயாராகிவிடும். இரை பொறுக்கும்போது மற்ற குஞ்சுகளின் வயிற்றுக்குள் போய்விடும். அந்த ஓடு கெட்டியானது, பினாயிலுக்கு அசையாது. நன்றாகக் காய்ந்தால் சாகும். நானோ தினமும் அதற்கு ஈரம் கொடுத்திருக்கிறேன்! கழுவாமல் இருந்தால் ஏழும் பிழைத்திருக்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு மனசு கேட்கல.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு ஆச்சரியம். நாம் வாரியலால் விரட்டுகிற பல்லியை (மேலே விழுந்தால் பஞ்சாங்கமும் பார்க்கிறோம்) வெளிநாடுகளில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறார்கள்! லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வாலில்தான் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடலில் புகுந்தால் அந்த வால் குச்சி மாதிரி மெலிந்துவிடும். நிச்சயமாகக் குணமாக்கும் மருந்து கிடையாது. பிளீச்சிங்குக்கும் அது லேசில் சாகாது. அதனால் நோய்ப்பட்ட பல்லியைத் தனியே வைத்து, தனிப் பாத்திரம் கொடுத்து, தரையில் காகிதம் விரித்து அடிக்கடி மாற்றுகிறார்கள். பெட்டியைக் கொதிநீர் விட்டுக் கழுவி நன்றாக உலர வைக்கிறார்கள். நோய் வந்த முதல் குஞ்சை நான் தனியே பிரிக்கக்கூட இல்லை.

இப்போது காலையிலேயே எச்சத்தை ஈரமில்லாமல் சுரண்டி வாரி, கோழி கிளறாத இடத்தில் புதைத்துவிட்டு, காய்ந்த உமி போடுகிறேன். தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேல் வைத்திருக்கிறேன், சிந்தாது. வெயில் அடித்தால் கூட்டைத் தூக்கி வெயிலில் வைப்போம். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருகிறேன், பயப்படாதீங்க.

நாலில் மூணு பிழைத்தது. ஒன்று இப்போ முட்டையும் இடுது. மிளகாய் சுற்றினதால்தான் பிழைத்தது என்று ஆச்சி எல்லாரிடமும் சொல்லிக் கொண்டிருக்காங்க. நான் எதிர்த்துப் பேசறதில்லை. உமி விஷயத்தில் அவங்க சொன்னதுதானே சரி.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி