மில்ஃபோர்ட் சவுண்ட்: எட்டு மணி நேரம் பஸ், இரண்டு மணி நேரம் படகு

நியூசிலாந்துக்குப் படிக்க வந்த யாரிடமாவது "எங்கெல்லாம் போனே?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது பெயராகவாவது மில்ஃபோர்ட் சவுண்ட் வந்துவிடும். டனீடினில் பி.காம். படிக்கும் நான், "இன்னும் போகலையா?" என்ற கேள்விக்கு இரண்டு வருஷம் பதில் சொல்லி அலுத்துப் போய், ஜனவரி லீவில் மூன்று நண்பர்களோடு கிளம்பினேன். சூப்பர் மார்க்கெட்டில் இரவு ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு. ஒவ்வொரு டாலருக்கும் கணக்குப் பார்க்கிற புத்தியும் கூடவே வந்தது. காமர்ஸ்காரன் வேறு, கேட்கவா வேண்டும் :-)

பெயரிலேயே ஒரு குளறுபடி. 'சவுண்ட்' என்றால் ஆறு அரித்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம். இதுவோ பனியாறு குடைந்த பள்ளத்தாக்கு, அதாவது ஃபியார்ட். மாவோரி மக்கள் வைத்த பெயர் பியோபியோடாஹி. தனியாக வந்த ஒரு பியோபியோ பறவை என்று அர்த்தம். அந்தப் பறவை இனமே இப்போது கிடையாது.

குயின்ஸ்டவுனிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் பக்கம்தான். நடுவில் மலை நிற்பதால் சாலை சுற்றிக்கொண்டு போகிறது. கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர், நாலு மணி நேரம். கடைசியில் ஹோமர் சுரங்கம். 1935-ல் தோண்ட ஆரம்பித்து, 1954-ல் வண்டிகளுக்குத் திறந்தார்கள். 1.2 கிலோமீட்டர்தான் நீளம். கோடையில் சிக்னல் போட்டு ஒரு பக்கம் நிறுத்தி ஒரு பக்கம் விடுகிறார்கள். அந்த வரிசையில் நிற்கும்போது கேயா என்கிற மலைக்கிளி வந்து வண்டி ரப்பரைக் கொத்தி இழுக்கும். எங்கள் பஸ்ஸில் அதற்கே பாதி போட்டோ தீர்ந்துவிட்டது.

இறங்கினால் கூட்டம். திருவிழாவில் தேர் நிலைக்கு வருகிற நேரம் மாதிரி இருந்தது. 2019-ல் மட்டும் எட்டரை லட்சம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். ஆனால் காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் அந்த இடம் அமைதியாக இருக்குமாம். காரணம் எளிது. எல்லா பஸ்ஸும் காலை ஏழு மணி வாக்கில் கிளம்புகிறது, எல்லாம் மதியத்தில் வந்து சேர்கிறது. தங்க இடம் மிகக் குறைவு. ஆக, கூட்டத்தை உண்டாக்குவது அழகு மட்டுமில்லை, டைம்டேபிளும்தான்.

படகில் ஏறியதும் மழை. அங்கே வருஷத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னபோது, "காசு குடுத்து மழை பாக்கவா போன?" என்றார். ஆமாம்மா, அதுக்குத்தான். மொட்டைப் பாறையில் மண் கிடையாது, தண்ணீர் தங்காது. மழை வந்தால் நூற்றுக்கணக்கான அருவிகள் புதிதாய்ப் பிறக்கும், நின்றால் கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். மைட்டர் சிகரம் கடலிலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. 151 மீட்டர் உயர ஸ்டெர்லிங் அருவிக்கு அடியில் படகை விட்டபோது, செல்ஃபி குச்சியை நீட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். இருநூறு பேர் சேர்ந்து வாய் மூடியிருந்ததை நான் பரீட்சை ஹாலில்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2021-ல் வெளியான ஒரு திட்டம், கார்களை டே அனாவ் ஊரிலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகச் சொன்னது. பெரிய சுற்றுலாக் கப்பல்களைத் தடுக்கவும், வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்கவும் பரிந்துரைத்தது. எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் "விலையை ஏத்தினா கூட்டம் தானா குறையும்" என்றார்கள். பாடப்புத்தகப்படி சரி. ஆனால் விலை ஏறினால் முதலில் கழன்று விழுவது யார்? ஷிப்ட் பார்த்துக் காசு சேர்த்த நாங்கள்தானே! ஹெலிகாப்டரில் வருகிறவருக்கு நாற்பது டாலர் ஒரு பொருட்டா?

பக்கத்திலேயே வேறு வழி இருக்கிறது. மில்ஃபோர்ட் டிராக் நடைபாதையில், சீசனில் தனியாக நடக்க ஒரு நாளைக்கு 40 பேரைத்தான் தொடங்க விடுகிறார்கள். முன்பதிவு திறந்ததும் தீர்ந்துவிடும். அங்கேயும் கட்டணம் உண்டு. ஆனால் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது அந்த எண்ணிக்கைதான். படகுத்துறைக்கும் மணிக்கு இத்தனை பேர் என்று பிரித்துவிட்டு, காலி நேரத்துக்கு டிக்கெட்டைக் குறைத்தால் என்னைப் போன்றவன் இருட்டோடு எழுந்தாவது போவான்.

மாவோரி கதை ஒன்று உண்டு. இந்த அழகைப் பார்த்து மனிதர்கள் இங்கேயே தங்கிவிடுவார்களே என்று பயந்த தேவதை ஹினே-நுயி-தே-போ, கடிக்கிற குட்டி ஈக்களை அவிழ்த்துவிட்டாளாம். என் கணுக்காலில் பதினோரு தடிப்பு :-( ஆனால் ஒன்று. அந்த ஈ ஏழை, பணக்காரன் பார்த்துக் கடிப்பதில்லை. நாம் போடுகிற திட்டமும் அப்படி இருக்க வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.