பத்தாம் பாடலின் எண்

ஓர் ஓலைச்சுவடியின் பாடல்களை இணையப் பதிப்பாக்கிக்கொண்டிருந்தேன். எண்களைக் கையால் இடுவானேன் என்று, பட்டியலின் எண்முறையைத் 'தமிழ்' எனக் குறித்துவிட்டு உலாவியிடம் ஒப்படைத்தேன். ஒன்பது வரை குறையில்லை. பத்தாம் பாடலுக்குத் திரையில் ௧௦, ஏட்டிலோ ௰. பதினொன்று திரையில் ௧௧, ஏட்டில் ௰௧.

உலாவியின் பிழை என்றே முதலில் எண்ணினேன். நூறு வரை எண்ணும் சோதனைப் பக்கம் ஒன்றை எழுதி, பயர்பாக்ஸிலும் குரோமிலும் திறந்தேன். இரண்டும் ஒன்றே காட்டின. சிஎஸ்எஸ் வரையறையைப் படித்தபின் தெளிந்தது: அதில் 'தமிழ்' என்பது ௦ முதல் ௯ வரையான இலக்கங்கள் கொண்ட இடமதிப்பு முறை. ௦ என்னும் குறி யூனிகோடில் சேர்ந்ததே 2005இல்தான். உலாவி விதிப்படி நடந்திருக்கிறது. விதியைப் படிக்காதவன் நான்.

பழைய முறையை நாமே வரையறுக்கலாம். ௰, ௨௰, ௩௰ என ஒவ்வொன்றுக்கும் மதிப்புக் கொடுத்தேன். 25 என்பது ௨௰௫ ஆயிற்று. மகிழ்ச்சியோடு ஏட்டை ஒப்பிட்டபோது, ௩௰௭ஐ அடுத்து ஏட்டில் ௩௰௯ இருந்தது. திரையோ ௩௰௮ என்றது.

இடையில் ஒரு பாடல் தொலைந்ததோ, எழுதியவர் கை தவறியதோ, அறியேன். எதுவாயினும் அந்த இடைவெளி ஒரு சான்று. தானாக எண்ணும் பட்டியல் அதை ஓசையின்றி மறைத்திருக்கும். நானும் முழுமையான நூல் என்றே ஆய்வேட்டில் எழுதியிருப்பேன்.

இப்போது எல்லா எண்களையும் கையால் தட்டச்சிட்டுவிட்டேன். பதிப்புப் பணியில் இருக்கும் நண்பர்களே, உங்கள் பட்டியல்களின் பத்தாம் வரியை ஒருமுறை பாருங்கள். பிறகு ஏட்டையும் பாருங்கள்.