கையில் கட்டிய கணக்குப்பிள்ளை

அக்கா மகன் எட்டாம் வகுப்பு. பிறந்தநாளுக்கு வந்த ஃபிட்னஸ் பேண்டை ஏமாற்ற உடனே கற்றுக்கொண்டான். சோபாவில் சாய்ந்தபடி கையை ஆட்டினால் போதும், அடி ஏறும். உள்ளே இருக்கும் ஆக்சலரோமீட்டருக்கு மணிக்கட்டின் அசைவுதான் தெரியும், கால் தெரியாது. அதே பயல் வேர்க்க விறுவிறுக்க சைக்கிள் மிதித்து வந்தால் அடிக்கணக்கில் பெரிதாக ஒன்றும் ஏறாது!

எல்லாரும் துரத்தும் அந்த 10,000 அடிகூட மருத்துவர்கள் வகுத்த இலக்கு இல்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரோடு பரவியது. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு பேண்ட் எதற்கு? பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்காமல் இருந்தாலே போதுமே. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கோடு சேர்த்து இதையும் கேளுங்கள்.